லத்தீனில் என் பல்

போன கிழமை கண்டியில் பல் டாக்டரிடம் போயிருந்தேன். கதவைத் திறந்ததும் கராம்பு எண்ணெய் வாசம். மற்றவர்களுக்கு அந்த வாசத்தில் பல்வலி ஞாபகம் வரும். எனக்கு இங்கிலீஷ் வகுப்பு ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

ஹுன்னஸ்கிரிய என்ற மலையூரிலிருந்து வந்து கண்டி டவுனில் ஒரு பார்மசியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. இங்கிலீஷ் பேசத் தெரியாததால் எனக்குப் பின்னறையில் பெட்டி பிரிக்கிற வேலைதான். அதனால் சனிக்கிழமைகளில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் நடந்த வகுப்புக்குப் போனேன். கீழே பாண் வேகிற வாசம் மேலே ஏறி வரும். பாதிப்பேர் படிக்க வந்தார்களா, வாசம் பிடிக்க வந்தார்களா என்று இன்றுவரை சந்தேகம்.

வகுப்பில் ஒரு விளையாட்டு உண்டு. யாருக்கும் தெரியாத ஒரு சொல்லைத் தேடி வந்து வாக்கியத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பொருளை ஊகிக்க வேண்டும். சரியான விடையை வகுப்பெடுக்கிற சேர் அடுத்த கிழமைதான் சொல்லுவார்.

குகன் என்று ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இன்சூரன்ஸ் கந்தோரில் வேலை. அவர் மேல் எனக்கு ஒரு கண். அன்று அவர் எழுந்து, முன்வரிசை லேடியின் 'பல்க்ரிட்யூட்' என் படிப்பைக் கெடுக்கிறது என்று இங்கிலீஷில் சொன்னார். முன்வரிசையில் லேடி என்று இருந்தது நான் ஒருத்திதான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அந்தக் காலத்தில் நான் எங்கே போனாலும் என் முன்பற்கள் இரண்டும் எனக்கு ஓரடி முன்னால் போகும்.

அலவத்துகொடவிலிருந்து படிக்க வருகிற நவாஸ் கையைத் தூக்கினான். "சேர், பல்லு தானே?"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. விடை கேட்க நான் போகவேயில்லை. மூன்று கிழமை வாயைக் கையால் மூடிக்கொண்டே பெட்டி பிரித்தேன். அழுகையும் வந்தது. பல்வலி என்று நினைத்த முதலாளி கராம்பு எண்ணெய்ப் போத்தல் ஒன்றைத் தந்துவிட்டார். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டுமே என்று அதையும் பூசிக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் குகன் கடைக்கே வந்துவிட்டார்.

"ஏன் வகுப்புக்கு வாறேல்லை?"

"எம்பல்லு ஒங்க படிப்பக் கெடுக்குதுன்னீங்க. பாவம், படிக்கட்டுமுன்னுதான்."

"பல்லோ? ஐயோ, நான் பல்லைச் சொல்லேல்லை. அது லத்தீனிலயிருந்து வந்த சொல்லு."

"லத்தீன்ல எம்பல்லுக்கு என்ன வேல? தமிழ்ல சொல்லுங்க."

அவருக்கு வியர்த்துவிட்டது. தமிழில் சொல்கிற தைரியம் இருந்தால் அந்த மனிதர் ஏன் லத்தீன் வரைக்கும் போகப் போகிறார்? வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னார். முதலாளிக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"என்னா மருந்து தம்பி? சத்தமாச் சொல்லுங்க."

"அழகு! அழகு எண்டு அர்த்தம்!"

கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முதலாளி மட்டும் மருந்துத் தட்டில் தேடிப் பார்த்துவிட்டு, "அது இப்ப வர்றதில்லையே தம்பி" என்றார். நான் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் சிரித்ததில்லை.

அடுத்த வருஷம் கல்யாணம். வகுப்பு நடந்த மாடியில் இப்போது ஃபோன் கடை. எங்கள் மகள் எந்தச் சொல்லைக் கேட்டாலும், சொன்னவர் வாய் மூடுவதற்குள் ஃபோனில் பொருளைப் பார்த்துவிடுகிறாள். பொருள் தெரியாமல் ஒருவர் மேல் மூன்று கிழமை கோபமாக இருந்து, ராப்பகலாக அவரையே நினைத்துக்கொண்டிருக்கிற வசதி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இல்லை. பாவம்.