பார்க்கலாமா, பார்த்துக்கலாமா?

1. வெள்ளிக்கிழமை: இந்தத் தீவில் உள்ள பெண் பிள்ளைகளுக்கான அரசு இல்லத்தின் வார்டன் அக்கா, திருச்சியில் மகளுக்குப் பிரசவம் என்று சென்னைக் கப்பலில் ஏறினார்.

2. சனிக்கிழமை காலை: வழக்கம்போல, என் ஆபீஸ் லீவு நாளில், அந்தப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பெடுக்க நான் போனேன்.

3. அக்காவுக்குப் பதிலாக வரவேண்டியவர் வரவில்லை.

4. சாயங்காலம்: தன் ஊரான வண்டூருக்குக் கடைசி பஸ் போய்விடும் என்று சமையல்கார தீதி பையை எடுத்துக்கொண்டார். "மேரா டியூட்டி ரசோயி தக், மிஸ்." சமையலறை வாசலோடு அவர் பொறுப்பு முடிகிறதாம். வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியே. ஆண் என்பதால் உள்ளே வரக்கூடாது.

5. இல்லத்தின் மேலதிகாரிக்கு போன் செய்தேன். "நீங்கள் அங்கேதானே இருக்கிறீர்கள்?" என்றார் ஹிந்தியில். "ஆப் தேக் லீஜியே, மேடம்." நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்!

6. திங்கட்கிழமை காலையிலும் நான் அங்கேதான் இருந்தேன். அதே சுடிதாரில்.

நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். மெயின் லைன் போனால் இன்னொன்று தானாக ஏறிக்கொள்ள வேண்டும் — அதற்குப் பெயர் ஸ்டாண்ட்பை. கேவலம், ஒரு செல்போன் டவருக்குக்கூட அது உண்டு. அரசு பொறுப்பேற்று வளர்க்கும் பிள்ளைகளுக்கு? இங்கே ஸ்டாண்ட்பை என்றால், அந்த நேரத்தில் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்.

சரி, நான் நின்றேன். அதைப் பற்றிப் புலம்பவில்லை. புலம்பல் மஞ்சுவுக்காக.

இல்லத்துப் பிள்ளைகளின் பெயரை வெளியே சொல்லக்கூடாது. "மஞ்சுன்னு போடுங்க மிஸ், எனக்குப் பிடிச்ச பேரு" என்று அவளே தேர்ந்தெடுத்தாள். அடுத்த மாதம் பதினெட்டு முடிகிறது. பதினெட்டானால் இல்லத்தைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். போக வீடு கிடையாது. பக்கத்துத் தீவான ஹேவ்லாக்கில் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷன் பயிற்சி, தங்குவதற்கு அறையும் தருகிறார்கள். திங்கட்கிழமை இன்டர்வியூ. காலைப் படகைப் பிடிக்க வேண்டும். ஆனால் பெண் ஊழியர் ஒருவர் துணைக்கு வராமல் பிள்ளை கேட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. நல்ல விதிதான். நான் அவளோடு போனால் மற்ற பிள்ளைகளோடு யார் இருப்பது?

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போன். நிலைமையை விளக்கினேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "டீக் ஹை மேடம், தேக் லேங்கே."

நிம்மதியாகி மஞ்சுவிடம் சொன்னேன். "பார்த்துக்கிறாங்களாம். ஆள் அனுப்புவாங்க."

சுடிதாருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். "மிஸ், நீங்க மெயின்லேண்ட்லேருந்து வந்து ரெண்டு வருஷம்தானே ஆச்சு? பார்க்கலாம்னு சொல்லியிருக்காரு. பார்த்துக்கிறேன்னு சொல்லல."

"ரெண்டுக்கும் ஒரே வார்த்தையா?"

"ரெண்டுக்கும் தேக் லேங்கேதான். அவங்களுக்கு எது வசதியோ அது."

அப்படியும் அவள் இஸ்திரியை நிறுத்தவில்லை. 'வெல்கம் சார், வெல்கம் மேம்' என்று கண்ணாடிக்கு முன் சொல்லிப் பார்த்தாள். சின்னப் பிள்ளைகள் வரிசையில் நின்று விருந்தாளிகளாக வந்து போனார்கள். ஒருத்தி ஏசி வேலை செய்யவில்லை என்று சண்டைகூடப் போட்டாள்.

திங்கட்கிழமை யாரும் வரவில்லை. படகு போய்விட்டது.

அன்று மத்தியானம் வார்டன் அக்கா அழைத்தார். கடலில் சிக்னல் கிடையாது. கப்பல் சென்னையில் கரை சேர்ந்ததும் முதல் போன் இல்லத்துக்குத்தான். எடுத்தது நான்.

"என்னாங்க மிஸ், நீங்க எடுக்கிறீங்க? பதில் ஆளு வரலியா?"

"வரலைக்கா. வருவாங்கன்னு யார் சொன்னது?"

"பெரிய ஆபீசருதான். எனக்கு டிக்கெட் கிடைச்சிருச்சி, புள்ளைங்களுக்கு யாருன்னு கேட்டேன். தேக் லேங்கேன்னாரு. பாத்துக்கிறோம்னு தானே அர்த்தம்? அதை நம்பித்தானே ஏறினேன்!"

கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அக்கா. ஹிந்தி அவருக்குப் புதிதல்ல. ஆனால் மகள் பிரசவத்துக்குக் காத்திருக்கும்போது, லேசில் கிடைக்காத கப்பல் டிக்கெட் கையில் இருக்கும்போது, எந்தத் தாயின் காதில் 'பார்க்கலாம்' விழும்?

கவனித்தீர்களா? அதே வினைச்சொல்லை என்னிடம் சொன்னபோது அதில் சந்தேகமே இல்லை. ஆப் தேக் லீஜியே — நீங்கள் பொறுப்பு. தங்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அது மேகமாகிவிடுகிறது... மொழியின் குற்றமா இது? தமிழில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? 'பார்த்துக்கலாம் விடுங்க' என்று சொல்லி எதையாவது யாராவது பார்த்ததுண்டா?

சாயங்காலம் மீண்டும் போன் போட்டேன். ஸ்பீக்கரில். எப்போது ஆள் வரும் என்று கேட்டதற்கு அதே இரண்டு வார்த்தைகள். மஞ்சு குனிந்து, ரிசப்ஷனுக்குப் பழகிய அதே இனிய குரலில் கேட்டாள்:

"சார், தேக்னா ஹை யா சம்பால்னா ஹை?"

பார்க்கப் போகிறீர்களா, பொறுப்பேற்கப் போகிறீர்களா?

"யார் பேசுவது?" என்றார் அதிகாரி.

"படகைத் தவறவிட்டவள், சார்."

இப்போதைய நிலவரம்: பகலுக்கு ஒருவரை அனுப்பியிருக்கிறார்கள்; காலைப் படகு கிளம்பிய பிறகுதான் வருவார். இரவுக்கு நான். வேலைக்கு லீவு சொல்லியாகிவிட்டது. அக்காவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். ரிசார்ட்டில் கெஞ்சியதில் மஞ்சுவை வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மேல் காத்திருக்க மாட்டார்களாம்.

கூடப் போக இன்னும் ஆள் போடவில்லை.