சித்தப்பா சொன்ன முடிவு

எங்கள் தெருவில் இந்தி தெரிந்த ஒரே ஆள் என் சித்தப்பா. பட்டாளத்தில் பதினைந்து வருடம் இருந்தவர். வரும்போது மிலிட்டரி கேன்டீனில் வாங்கிய கருப்பு வெள்ளை டிவி ஒன்றையும் கொண்டுவந்தார். எண்பத்தைந்து, எண்பத்தாறில் அது பெரிய விஷயம். எங்கள் வீடு மலைக்குக் கிழக்கே இருந்ததால் மெட்ராஸ் ஸ்டேஷன் படம் ஓரளவு தெரிந்தது. மலைக்குப் பின்னால், அடி அண்ணாமலையில், எவ்வளவு உயரம் ஆன்டெனாக் கம்பம் நட்டாலும் இரைச்சல்தான். அங்கிருந்தும் இரண்டு மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் வந்துவிடுவார்கள்.

ஞாயிறு காலையில் ஓர் இந்தித் தொடர் வந்தது. கல்யாணமான புதிதில் ஒருவன் பம்பாய்க்கு வேலைக்குப் போகிறான். கொஞ்ச நாளில் கடிதம் நின்றுபோகிறது. பெண்டாட்டி கிராமத்தில் காத்திருக்கிறாள். பதிமூன்று வாரம் காத்திருந்தாள்.

கூடியிருந்த ஒருவருக்கும் இந்தி தெரியாது. சித்தப்பா டிவி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர்கள் பேசப் பேசத் தமிழில் சொல்வார். அவர் சொன்னதுதான் கதை. அவர் இருமினால் கதை நிற்கும். ஒரு வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். டிவி ஓடியது, கதை ஓடவில்லை.

எல்லோருக்கும் முன்னால் அத்தை உட்கார்ந்திருப்பாள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா. மல்லாட்டை மண்டியில் சொத்தை வேர்க்கடலைப் பருப்பு பொறுக்கும் வேலை. அவள் புருஷன், எங்கள் மாமா, லாரி ஓட்டினார். மூன்று வருடத்துக்கு முன்பு லோடு ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. சித்தப்பா இரண்டு தடவை தேடிப் போய்வந்து, ஆள் அகப்படவில்லை என்றார். அத்தை எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். மாமா வருவார் என்று அவள் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. தெருவில் லாரிச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். அவ்வளவுதான்.

மற்றவர்களுக்கு அந்தத் தொடர் பொழுதுபோக்கு. அத்தைக்கு அப்படியில்லை. பத்து வயதில் எனக்கே அது தெரிந்தது.

கடைசி வாரம் அந்தப் பெண் பம்பாய்க்கே போய்விட்டாள். மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினாள். வேறொரு பெண் திறந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை, காலைக் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளை. பின்னால் புருஷன் துண்டோடு வந்து நின்றான். இவள் ஏதோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். ரயிலில் உட்கார்ந்து அழுதாள். எழுத்து ஓட ஆரம்பித்துவிட்டது.

சித்தப்பா அத்தையைப் பார்த்தார்.

"என்னாப்பா, சொல்லேன்" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "அது அவன் தங்கச்சி. ரெண்டும் தங்கச்சி பசங்க. இவனுக்கு ஒடம்பு முடியல, அங்க தங்கிக்கினு இருந்தான். வந்துடறேன்னு சொல்லிட்டான், சீக்கிரம் வந்துடுங்கன்னுட்டு இவ ஊருக்குத் திரும்பறா."

"அப்ப ரயில்ல ஏன் அழுவுறா?"

"சந்தோசத்துல."

அங்கேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. இதற்கா பதிமூன்று வாரம் குந்திக்கினு பார்த்தோம் என்றாள் எதிர்வீட்டு அக்கா. "தங்கச்சி வூட்ல இருக்கறவன் ஒரு கார்டு போட மாட்டானா? கை ஒடிஞ்சா போச்சு?" அடி அண்ணாமலைக்காரர் ஒருவர், "இதுக்கு சைக்கிள் மிதிச்ச நேரத்துல மாட்டையாவது குளிப்பாட்டியிருப்பேன்" என்று எழுந்து போனார். கதை எழுதியவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எல்லோரும் முடிவுக்கு வந்தார்கள்.

அத்தை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "வர்றேன்னு சொல்லிட்டான் இல்ல. அதுக்கு மேல என்னாத்துக்கு கதை?" என்றாள். மறுநாள் மாமாவின் சட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்துக் கொடியில் போட்டாள். மூன்று வருடத்தில் அன்றைக்குத்தான் அவள் பாட்டு முணுமுணுத்துக் கேட்டேன். சித்தப்பா அந்தக் கொடியைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் வெளியே போனார்.

அந்த வாரம் முழுக்க சாயங்காலத்தில் கால்பந்து காட்டினார்கள். கேரளத்தில் வெளிநாட்டு அணிகள் வந்து ஆடின. ரஷ்யா, சீனா, இன்னும் பேர் வாயில் நுழையாத ஊர்கள். சித்தப்பா பட்டாளத்தில் ஆடியவர். டிவி முன்னால் உட்கார்ந்து காலை உதைப்பார். ஒரு நாள் உதைத்ததில் அம்மாவின் சொம்பு நசுங்கியது. தெருக்காரர்கள் கால்பந்துக்கு வருவதில்லை. நாங்கள் மூன்று பேர்தான்.

அத்தைக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. எங்கள் டிவியில் எல்லா நாடும் ஒன்று கருப்புச் சட்டை, இல்லாவிட்டால் வெள்ளைச் சட்டை. எது தோற்கிறதோ அது அத்தையின் கட்சி. "ஓட்றா, ஓட்றா, உன் காலுக்கு என்னா கேடு" என்று கத்துவாள். இதுக்கு மட்டும் உன் தயவு வேண்டியதில்லை, பந்து உள்ளே போனால் எனக்கே தெரிகிறது என்று சித்தப்பாவைக் கிண்டல் செய்வாள். சித்தப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்பு சரியாக இருக்காது.

அடகுக்கடை சேட்டு மகள் என் வகுப்பில் படித்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தொடரைப் பற்றிப் பேச்சு வந்தது. முடிவு நன்றாக இல்லை, தங்கச்சி வீட்டில் இருந்தவன் கார்டு போட்டிருக்கலாம் என்று நான் பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்.

"தங்கச்சியா? அது அவனோட ரெண்டாவது பொண்டாட்டிடி. பசங்க அவன் பசங்க."

"எங்க சித்தப்பா மிலிட்டரி. அவருக்குத் தெரியாதா?"

"மிலிட்டரின்னா? அந்த அம்மா வாசல்ல என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘வூடு தெரியாம வந்துட்டேன், மன்னிச்சுக்கோங்க’ன்னு சொல்லிட்டு எறங்கிடுச்சு. எங்கம்மா அன்னிக்கு சப்பாத்தியே போடல, அழுதுக்கினே இருந்தாங்க."

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஏன் கார்டு போடவில்லை, ஏன் ரயிலில் அழுதாள், எல்லாம். தெருவே ஒரு வாரம் அடித்துக்கொண்ட கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது. மணி அடித்ததும் பை முதுகில் குதிக்க ஓடினேன்.

வீட்டில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை மண்டியிலிருந்து அப்போதுதான் வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். புடவையெல்லாம் மல்லாட்டைத் தூசி.

"சித்தப்பா, நீ தப்பா சொல்லிட்ட. அது தங்கச்சி இல்ல. ரெண்டாவது பொண்டாட்டி."

"வாய மூடு" என்று சித்தப்பா எழுந்தார். கை ஓங்கிவிட்டார். அதுவரை அவர் என்னை அடித்ததில்லை.

"உடுடா" என்றாள் அத்தை. "கொழந்த சொல்லட்டும்."

சொன்னேன். கதவு திறந்தது, பிள்ளைகள் யாருடையவை, வாசலில் சொன்ன வார்த்தை, ஒன்று விடாமல் சொன்னேன். சேட்டம்மா சப்பாத்தி போடாததையும் சொன்னேன். சித்தப்பா ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். அத்தை டிவியைப் பார்த்தாள். கருப்புச் சட்டைக்காரன் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அத்தை கத்தவில்லை.

முகத்தைத் திருப்பாமல், "எந்த ஊருடா?" என்றாள்.

அவள் மறுபடியும் கேட்கவில்லை. காத்திருந்தாள்.

"சித்தூரு, அக்கா" என்றார் சித்தப்பா கடைசியில்.

"பம்பாய் சித்தப்பா" என்றேன் நான்.

"எத்தினி பசங்க?"

"ஒண்ணு. பொம்பளப் புள்ள. தவழுது."

எனக்குப் பொறுக்கவில்லை. முழுத் தொடரையும் பார்த்துவிட்டு, ஸ்டூல் போட்டு எல்லோருக்கும் சொல்லியும் தந்துவிட்டு, இப்படி ஒன்று மாற்றி ஒன்று தப்பாகச் சொன்னால்? "ரெண்டு பசங்க சித்தப்பா! ஒண்ணு இடுப்புல, ஒண்ணு நின்னுக்கினு இருந்துது. ஊரும் பம்பாய். உனக்கு இந்தியே தெரியல."

சித்தப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் சிவந்திருந்தது. அடிப்பார் என்று நினைத்தேன்.

"ஆமாம்மா" என்றார். "நீ சொல்றதுதான் கரெக்ட்."

பட்டாளத்தில் பதினைந்து வருடம் இருந்த மனுஷன், என்னிடம் தோற்றுப்போனதை அத்தை முன்னாலேயே ஒத்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர்வீட்டு அக்காவிடம் சொல்ல ஓடினேன்.