பலகைக்கு இந்தப் பக்கம்

என் மைத்துனன் திரைப்பட நடிகனாகிவிட்டான். ஓய்வுபெற்ற காப்புறுதி முகவர் ஒருவருக்கு இந்த வயதில் இப்படியொரு விபத்து நேரும் என்று எந்தத் திட்டத்திலும் எழுதியிருக்காது. விபத்து அவனுக்கு, இழப்பு எனக்கு.

படம் முழுக்க ஒரே ஆள், ஒரே இடம். அடுக்குமாடி வீட்டு மின்தூக்கி நடுவழியில் நின்றுவிடுகிறது. உள்ளே ஒரு முதியவர். மகள் தன் விருப்பப்படி செய்துகொள்ளும் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று வீம்பு பிடித்தவர், கடைசி நேரத்தில் மனம் மாறி, கோட்டு அணிந்து கிளம்பியிருக்கிறார். வெளியுலகத்தோடு அவருக்கிருக்கும் ஒரே தொடர்பு, சுவரிலுள்ள ஒலிபெருக்கியில் வரும் ஒரு அதிகாரியின் குரல்.

படத்தை எடுத்த பெண் கெலுகோரில் எங்கள் பிளாட்டிலேயே குடியிருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறாள். எங்கள் மின்தூக்கி பழுதாகிக் கிடந்த ஒரு காலையில், படியேறும்போதுதான் கதையைச் சொன்னாள். "அங்கிள், நீங்க வந்து ஒருதடவ நடிச்சுக் காட்டுங்களேன்" என்றாள். நான் கட்டட அனுமதிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். மின்தூக்கி நின்றால் யாரை முதலில் அழைக்க வேண்டும், அவர் வராவிட்டால் அடுத்து யார் என்பதைத் தூக்கத்திலும் சொல்வேன். சொல்லியிருக்கிறேன் என்பது என் மனைவியின் புகார். என்னைவிடப் பொருத்தமான ஆள் இந்தத் தீவில் இல்லை என்று நான் நம்பியதில் பிழை இருப்பதாக இப்போதும் தோன்றவில்லை. வசனம் முழுவதையும், இரண்டு பக்கத்து வசனத்தையும், மனப்பாடம் செய்தேன்.

அப்போது எனக்குக் கண்ணில் அறுவை நடந்திருந்தது, வண்டி ஓட்டக்கூடாது. என் மனைவி, தீவுக்கு எதிர்க்கரையில் பாகான் டாலாமில் இருக்கும் தன் தம்பியைப் பாலம் கடந்து வரவழைத்தாள். அவன் வந்தது எனக்கு ஓட்டுநராக. இதை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

நடிகர் தேர்வு எங்கள் தேவாலய மண்டபத்தில். தரையில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு சதுரம் போட்டு, அதுதான் மின்தூக்கி என்றாள். நான் உள்ளே போனேன். நின்றுவிட்டது என்றாள். அவசர மணியை அழுத்தினேன். கதவை விட்டு விலகி நின்றேன். காத்திருந்தேன்.

"அங்கிள், உங்களுக்குப் பயமே வரலியா?"

"எதுக்கும்மா பயம்? மணி அழுத்தியாச்சு. இனிமே அவங்க வேலை."

கேமராக்காரன் சிரித்தான். நான் கதையில் கண்ட ஒரு குறையையும் சொன்னேன்: பொம்பாவுக்குச் சொல்லுமுன் நிர்வாக அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும், தீயணைப்புக்காரர்களை எடுத்த எடுப்பில் அழைக்க இது என்ன தீயா? அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டு, என் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தாள். அங்கே என் மைத்துனன் கறிபாப் தின்றுகொண்டிருந்தான்.

"அந்த அங்கிள் யாரு?"

"நான் டிரைவர் லா" என்றான், வாயில் உருளைக்கிழங்கோடு.

"சும்மா உள்ள வந்து நில்லுங்களேன்."

கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு சதுரத்துக்குள் போனான். ஒரு பொத்தானை அழுத்தினான். மேலே பார்த்தான். பிறகு இல்லாத கதவைத் தட்டினான். காப்புறுதி விற்கப் போன வீட்டின் கதவைத் தட்டுவதுபோல, விரல் முட்டியால், மெதுவாக, சிரித்த முகத்தோடு. திறக்கவில்லை. சிரிப்பை எடுக்காமலே மறுபடி தட்டினான். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவ்வளவுதான். முடிந்தது.

"உங்களுக்கு வேற ஒரு முக்கியமான ரோல் இருக்கு அங்கிள்" என்றாள் என்னிடம். "அந்தக் குரல். உங்க குரலுக்குள்ள ஒரு ஆபீஸே இருக்கு."

திரும்பும் வழியில் மைத்துனன் கேட்டான். "அத்தான் கோவமா?"

"எனக்கென்ன கோவம்? ரோட்டைப் பார்த்து ஓட்டு."

"மூஞ்சி பிலாத்து மாதிரியே இருக்கு லா."

இதற்கு விளக்கம் வேண்டும். எங்கள் ஆலயத்தில் தவக்காலத்தில் திருப்பாடுகளின் நாடகம் போடுவோம். பல ஆண்டுகள் நான் பிலாத்து, இயேசுவை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் ஆளுநர். அரசாங்க ஊழியனுக்கு அந்த வேடம் இயல்பாகவே வந்து சேர்ந்தது. இயேசு யார் என்று கேட்கத் தேவையில்லை; நீள முகமும் சோகக் கண்ணும் யாருக்கு இருந்தனவோ அவன்தான், என் மைத்துனன். அந்தக் கண்ணுக்குப் பின்னால் ஒரு வரி வசனம் தங்காது. நாடகத்தில் பின்னாலிருந்து எடுத்துக்கொடுக்க ஆள் கிடையாது. ஆகவே அவன் விழிக்கும்போதெல்லாம், அவன் சொல்ல வேண்டிய பதிலை என் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பேன். அவன் தலையசைத்தால் போதும். கூட்டம் அழும். என்னைப் பார்த்துப் பல்லைக் கடிக்கும்.

படத்தில் அவன் போட்டிருக்கும் கோட்டு என்னுடையது. ஓய்வு விருந்துக்குத் தைத்தது. அதன் பொத்தானை அவன் உடம்புக்குத் தோதாக மாற்றித் தைத்துக்கொண்டே என் மனைவி சொன்னாள், "தம்பிக்கு எவ்ளோ எடுப்பா இருக்கு பாருங்க."

பார்த்தேன். இருந்தது.

படப்பிடிப்பும் அதே மண்டபத்தில்தான். பலகையால் ஒரு பெட்டி செய்து, உள்ளே கண்ணாடியும் பொத்தான்களும் வைத்திருந்தார்கள். சத்தம் பதிவாகும் என்று மின்விசிறிகளை நிறுத்திவிட்டார்கள். பெட்டிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒலிவாங்கியோடு நான். அவன் முகம் எனக்குத் தெரியாது. என் முகம் யாருக்கும் தெரியாது.

படத்தின் உயிரான நீண்ட காட்சியை அவள் முதலில் எடுத்தாள். அது வராவிட்டால் மற்றதை எடுத்து என்ன பயன் என்பது அவள் கணக்கு. வரவில்லை. காலையெல்லாம் அவன் ஒரே இடத்தில் தடுக்கினான், அவள் உடனே 'கட்' என்றாள். சாப்பாட்டு வேளையில் அவள் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அங்கிள், உங்களுக்கு அவர் டயலாக்கும் தெரியும்ல?"

"தெரியும்."

"இன்னும் ஒரே ஒரு டேக் பார்க்கிறேன். வரலைன்னா நீங்க கோட்டைப் போட்டுக்குங்க." பிறகு, "ஒண்ணு மட்டும். அவர் முடிக்கிற வரைக்கும் நீங்க வாயே திறக்கக்கூடாது" என்றாள்.

அன்று மதியம் இறங்கியதுபோல் எனக்குச் சோறு வேறு எந்நாளும் இறங்கியதில்லை.

கேமரா ஓடியது. அவன் நன்றாகத்தான் வந்தான். 'நான் வர்றது என் மகளுக்குத் தெரியாது' என்ற வரியைச் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றான். உங்கள் மகளுக்கு நீங்கள் வருவது தெரியுமா என்று நான் ஒரு கேள்வி கேட்டால் போதும். அதிகாரி கேட்கக்கூடிய கேள்விதான். பிலாத்து கேட்டிருப்பான். ஆனால் எனக்கு உத்தரவு தெளிவாக இருந்தது. உத்தரவைக் கடைப்பிடித்தேன். பணிக்காலத்தில் எந்த உத்தரவையும் இவ்வளவு மனநிறைவோடு கடைப்பிடித்ததில்லை.

மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. யாரும் 'கட்' சொல்லவில்லை. அவன் மூச்சு மட்டும் பலகை வழியாகக் கேட்டது. என் கேள்விக்காகத்தான் காத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். கோட்டு எனக்குச் சேருமா, பொத்தானை மறுபடி மாற்ற வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது தட்டினான். என் காதுக்கு நேரே, பலகையில், விரல் முட்டியால். மெதுவாக.

"இருக்கீங்களா?"

மறுபடி தட்டினான். முகத்தில் அந்தச் சிரிப்பு இருக்கும் என்று பார்க்காமலே தெரிந்தது.

"இருக்கேன் லா" என்றேன். "எங்க போயிடப் போறேன்."

அதிகாரியின் குரலில் அல்ல. என் வாய் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. மறுபக்கத்தில் அவன் விம்மினான். பிறகு மகளைப் பற்றிய அந்த வரி, எழுதியதைவிட நன்றாக, வந்தது. என் நாற்காலி பலகைக்கு இந்தப் பக்கமே நிலைத்துவிட்டது.

படத்தை ஜார்ஜ் டவுனில் ஒரு சிறிய அரங்கில் திரையிட்டார்கள். அந்த மௌனத்தை அவள் ஒரு நொடியும் வெட்டவில்லை. திரை முழுக்க அவன் முகம், அந்தக் கண்கள். பின்வரிசையில் ஒரு பெண் தாங்க முடியாமல், "பேசித் தொலையேண்டா பாவி" என்றாள். என்னைத்தான். நான் பதில் சொன்னதும் அரங்கமே மூக்கை உறிஞ்சியது. அவனுக்காக. முடிவில் பெயர்கள் ஓடின. சாப்பாடு கொண்டுவந்த அக்காளுக்கு அடுத்து, 'குரல்' என்று நான்.

வெளியே அவனோடு படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. அவன் எல்லோரிடமும் என்னைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அந்தச் சீன்ல அத்தான் டயலாக்கை மறந்துட்டாரு. எனக்கு வேர்த்துப் போச்சு. அப்புறம் நானே தட்டி எழுப்பிச் சமாளிச்சேன்."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பசியாறும் மேசையில் இரண்டு பக்கத்து வசனத்தையும் என் வாயால் தினமும் கேட்டவள்.

"நெசமாவா? நீங்களா மறந்தீங்க?"

மறக்கவில்லை என்று சொன்னால், பிறகு ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்பது அடுத்த கேள்வி. அதற்கும் பதில் இருந்தது, உத்தரவு அப்படி. அதற்கடுத்த கேள்வியை அவள் கேட்காமல் விடமாட்டாள்.

"மறந்துட்டேன்" என்றேன்.

"வயசாச்சு லா" என்று மைத்துனன் என் தோளில் கை போட்டான். என் கோட்டின் கை அது. திரையிடலுக்கும் அதையே போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"கோட்டை எப்பத் திருப்பித் தருவே?"

"எதுக்கு அத்தான்?" என்றான். "நீங்க எங்க போகப் போறீங்க?"