ஃபோர்மேன் அண்ணனின் கடிதம், ஐந்து வரியில்

நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். இரவு மழையில் தெரு சேறாகிக் கிடந்ததால் நடைப்பயிற்சியை மொட்டை மாடியிலேயே முடித்துக்கொண்டேன். ஆறே காலுக்குக் காபி. ஆறரை முதல் மடிக்கணினியில் செய்திகள். விளம்பரங்களும் தாமாக ஓடும் படங்களும் கண்ணை உறுத்துவதால் பிரௌசரில் வாசிப்பு நிலையை அழுத்திவிடுவேன். மற்றதெல்லாம் மறைந்து, வெளிர் மஞ்சள் பக்கத்தில் எழுத்து மட்டும் நிற்கும். கட்டுரை நீளமாக இருந்தால் சுருக்கம் கேட்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. ஐந்து வரியில் சாரத்தைக் கொடுத்துவிடும். சில மாதங்களாக மின்னஞ்சல்களையும் இப்படித்தான் பார்க்கிறேன். அன்றைய நாட்குறிப்பில் '7.10: அஞ்சல்கள் முடிந்தன' என்று எழுதியிருக்கிறேன்.

அப்படி முடிந்தவற்றில் ஒன்று ஃபோர்மேன் அண்ணனுடைய கடிதம்.

மேட்டுப்பாளையம் சாலையில் நான் வேலை செய்த பம்ப்செட் கம்பெனியில் அசெம்பிளிப் பிரிவுக்கு அவர் ஃபோர்மேன். எந்த வாரம் எத்தனை பம்ப் வெளியே போக வேண்டும் என்று அட்டவணை போடுவது என் வேலை. அவர் என் அறைக்கு வந்தால் நேராக விஷயத்துக்கு வரமாட்டார். நீலக் கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்காருவார். என் அப்பாவின் முழங்கால் வலியைக் கேட்பார், என் ஊரான துடியலூர்ப் பக்கம் மழை உண்டா என்பார், என் மேசை விசிறி போடும் சத்தத்துக்குக் காரணம் சொல்வார். பிறகு எழுந்து கதவு வரை போய், பிடியில் கை வைத்தபடி திரும்புவார். 'அப்புறமுங்க, ஒண்ணுமில்லைங்க தம்பி' என்பார். அவர் வந்த விஷயம் அங்கேதான் தொடங்கும்.

ஒரு முறை அப்படித் திரும்பி, 'நாளன்னிக்கு நம்ம அம்மணிக்குக் கண்ணாலமுங்க' என்றார். மகளின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவு வேண்டும் என்பதைச் சொல்ல அவருக்கு அரை மணி நேரம் ஆகியிருந்தது. 'லீவு இல்லாட்டியும் பரவால்லைங்க, காத்தால தாலி கட்டுனதுமே வந்துர்றேனுங்க' என்று வேறு சொன்னார். இன்னொரு முறை மேனேஜர் அறையில் தேநீர் குடித்து முடித்து, கதவருகே போன பின், 'அந்தக் கிரேன் சங்கிலி ஒரு மாதிரியா இருக்குதுங்க' என்றார். மேனேஜர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். சங்கிலியில் ஒரு கண்ணி பாதி பிளந்திருந்தது. கீழே நாலு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு, அவர் கதவைத் தாண்டும் வரை நாங்கள் யாரும் பேனாவைக் கையில் எடுப்பதில்லை.

ஓய்வு பெற்றதும் கிணத்துக்கடவில் தம் தோப்பு வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு வருடங்களுக்கு முன் அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, தவறிய பிறகு அங்கே தனியாக இருக்கிறார். மகள் வெளிநாட்டில். வாயால் சொன்னால் தானாக எழுதிக்கொள்ளும்படி போனில் அவள்தான் பழக்கிவிட்டாள். அதனால் அவருடைய கடிதங்களில் முற்றுப்புள்ளியே இராது. முன்பெல்லாம் காபியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் முழுதாகப் படித்திருக்கிறேன். இந்த முறை பொத்தானை அழுத்தினேன்.

'அனுப்புநர் நலமாக உள்ளார். தோப்பில் நல்ல மழை பெய்துள்ளது. பசு கன்று ஈன்றுள்ளது. புதன்கிழமை கோவையில் இதயத்துக்கு ஒரு சிகிச்சை செய்துகொள்கிறார். நீங்கள் வரத் தேவையில்லை என்கிறார்.'

படித்ததும் சிறிது நிம்மதியாகக்கூட இருந்தது. புதன்கிழமை எனக்கு வேறு வேலை இருந்தது. 'சரிங்கண்ணா, சிகிச்சை நல்லபடியாக முடியட்டும், பிறகு ஒருநாள் வருகிறேன்' என்று எழுதினேன். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது: 'ரொம்பச் சந்தோஷமுங்க தம்பி.' அவரிடமிருந்து எனக்கு வந்த கடிதங்களில் மிகச் சிறியது அதுதான். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மாலையில் என் மனைவி அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். "ஃபோர்மேன் அண்ணன் எழுதியிருந்தாருன்னீங்களே, என்னவாமா?"

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறாராம். நம்மளை வர வேண்டாம்னுட்டாரு."

அவள் கை நின்றது. "வேண்டாம்னாருங்களா?"

"ஆமா. தெளிவாத்தான் இருக்குது."

"அவரு எந்தக் காலத்துலீங்க வேணும்னு சொல்லியிருக்காரு? பசியோட பந்தியில உக்காந்துட்டு, போதுமுங்க போதுமுங்கன்னு எலையை மறைக்கற மனுசன். நீங்களும் இந்த ஊருலதானுங்களே பொறந்தீங்க?"

மடிக்கணினியைத் திறந்தேன். கடிதத்தைத் தனிப் பக்கமாக்கி, வாசிப்பு நிலையில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தேன். என் மனைவியை விசாரித்திருந்தார். போன வருடம் தடுக்கி விழுந்தேனே, அந்தக் கால் இப்போது எப்படி என்று கேட்டிருந்தார். கன்று செவலை நிறம், நெற்றியில் வெள்ளை. மழை, தேங்காய், பக்கத்துத் தோட்டத்து மோட்டார். கடைசியில் இது இருந்தது:

'அப்புறமுங்க ஒண்ணுமில்லைங்க தம்பி நெஞ்சுல ஏதோ அடைப்புன்னு புதங்கெழமை காலைல கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க அம்மணிக்கு லீவு கெடைக்கலீங்க கூட ஒரு ஆளு இருந்தாத் தேவலைன்னு டாக்டரு சொல்றாருங்க ஆருமில்லைன்னா நர்சம்மா பாத்துக்குவாங்களாமா நீங்க இங்க தோப்புக்கு வர்றதுன்னா ரெண்டு பஸ்ஸு மாறோணும் அங்கிருந்து அஞ்சே காலுக்கு ஒரு பஸ்ஸு இருக்குதாமா அதெல்லாம் சிரமமுங்க வேண்டாமுங்க'

என்னை வர வேண்டாம் என்றவர், என் ஊரிலிருந்து புறப்படும் பஸ்ஸின் நேரத்தை யாரிடமோ விசாரித்து வைத்திருந்தார்.

சுருக்கத்தைக் குறை சொல்ல முடியாது. அவர் முடிவாகச் சொன்னதைத்தான் அது சொன்னது. கதவு வரை காத்திருக்கத் தெரிந்தவன் நான், காத்திருக்காததும் நான்தான். அந்தப் பதிலை அவர் தனியாக உட்கார்ந்து படித்திருப்பார், என்மேல் வருத்தம்கூடப் பட்டிருக்கமாட்டார் என்று நினைத்தபோது திரையைப் பார்க்க முடியவில்லை.

"இப்பவே போன் பண்ணிச் சொல்லிரட்டுமா?"

"பண்ணாதீங்க. பண்ணுனா வேண்டாம்பாரு. நேராப் போய் நில்லுங்க."

நவம்பர் 19, புதன்கிழமை. நான்கு மணிக்கு எழுந்தேன். செய்தி பார்க்கவில்லை. ஐந்தே கால் பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. உக்கடத்தில் மாறி, ஏழு மணிக்கு முன்பே அவர் வீட்டு வாசலில் இருந்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"ஏனுங்க தம்பி, இத்தனை தூரம்? வேண்டாம்னு எழுதியிருந்தனுங்களே."

பதில் சொல்வதற்குள் என் மனைவியை விசாரித்தார், என் கால் எப்படி என்றார், துடியலூரில் மழை எப்படி என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் முழுதாகப் பதில் சொன்னேன். அப்புறம் அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன்.