பாபா என்று எழுதிய பெட்டி

கெமுந்தோ எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் ஸ்டோருக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. எங்கள் நியாமிரா பக்கத்தில் எந்தத் தொழிற்சாலையிலும் ஸ்டோர் கீப்பர் இத்தனை காலம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அவளுக்கும் உட்கார ஆசையில்லை. கணவர் மொகாகா எல்டொரெட்டில் பள்ளிக்கூட வாத்தியார். பதினோரு வருடமாக இரண்டு இடத்தில் இரண்டு அடுப்பு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வேன் பிடித்துப் போய் கணவரின் சட்டைகளைத் துவைத்துப் போட்டுவிட்டு வருவாள். எல்டொரெட்டில் இருக்கும் எங்கள் கம்பெனிக் கிடங்குக்கு மாற்றல் கேட்டு மூன்று முறை எழுதிப் போட்டாள். மூன்று முறையும் ஒரே பதில்: நீ போனால் மெஷின் சீல்களை யார் பார்ப்பது?

சீல் என்றால் பெரிய சமாசாரம் இல்லை. சுழலும் தண்டில், பேரிங்கை ஒட்டி உட்காரும் ரப்பர் வளையம். கையில் வளையல் மாதிரி இருக்கும். ஆனால் அது விட்டால் எண்ணெய் கசியும். எண்ணெய் இலையில் சொட்டினால் அன்றைக்கு அரைத்த தேயிலை அத்தனையும் குப்பை. அளவு ஒன்றாகவே இருந்தாலும் ஒரு சீல் எண்ணெயை உள்ளே பிடித்து வைக்கும். இன்னொன்று தூசியை வெளியே நிறுத்தும். சூடான இடத்துக்குப் பழுப்பு ரப்பர், மற்ற இடத்துக்குக் கறுப்பு. இதையெல்லாம் கெமுந்தோ விரல் நகத்தாலேயே கண்டுபிடிப்பாள்.

ஒரு முறை கிசுமுவில் ஒரு கடையில் அவளோடு நானும் இருந்தேன். உலர்த்தும் மெஷினுக்குப் பழுப்பு சீல் வேண்டும். கடைக்காரர் அழகான அட்டைப் பெட்டியில் எடுத்து நீட்டினார். அவள் பெட்டியைப் பார்க்கவே இல்லை. பிளேடால் சீலின் உதட்டு விளிம்பில் ஒரு நூலளவு சீவி, லைட்டரில் காட்டினாள். குபுகுபுவென்று கரும்புகையோடு எரிந்தது.

"அம்மா, என் கடையையே கொளுத்திடுவீங்க போலிருக்கே!"

"அசல் பழுப்பா இருந்தா நெருப்பை எடுத்ததும் தானா அணைஞ்சிடும். இது கறுப்பு, சாயம் பூசிக்கிட்டு வந்திருக்கு. உள்ளே வச்சிருக்கீங்களே, அதை எடுங்க."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே உள்ளேயிருந்து எடுத்து வந்தார். அதிலும் சீவி எரித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள்.

ஸ்டோரில் அவளுடைய அலமாரியில் நாற்பத்தொரு பெட்டிகள். ஒன்றிலும் அளவு கிடையாது. ஃபிட்டர்களான நாங்கள் வைத்த பெயர்கள்தான்: நொண்டி, மாப்பிள்ளை, தாடிக்காரன். இலை அரைக்கும் மெஷினுக்கு இரண்டு பெட்டி. எண்ணெயைத் தாய் மாதிரி பிடித்து வைப்பது 'பாபா'. வாசலில் நின்று தூசியை விரட்டுவது 'தத்தா'.

புது மேனேஜர் ஒம்பாசா எங்கள் ஊர்க்காரர்தான், கொஞ்சம் மனசு இறங்கினார். "கட்டானாகிட்ட ஸ்டோரை விடு. ஒரு மாசம் லீவு எடுத்துக்கிட்டுப் போ. அந்த ஒரு மாசத்துல சீலால ஒரு மெஷினும் நிக்கலைன்னா உன் மாற்றல்ல கையெழுத்துப் போடறேன். ஆனா நீ போன்ல சொல்லிக் குடுக்கக் கூடாது."

கட்டானா ஸ்டோருக்குப் புதிதாக வந்த உதவியாள். கடற்கரைப் பக்கத்துக்காரன், நாற்பது வயது, நிதானமானவன். ஒரு வாரம் அவள் பின்னாலேயே நடந்து கேட்டுக்கொண்டான். "எண்ணெய்ப் பக்கம் அம்மா, தூசிப் பக்கம் அப்பா" என்று அவள் சொன்னதை நோட்டில் எழுதினான்.

கெமுந்தோ எல்டொரெட் போனாள். போன் அடிக்கவில்லை என்பதே அவளுக்குப் பெரும் தொந்தரவாக இருந்ததாம். குளிக்கப் போகும்போதும் போனை ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் போவாளாம். மொகாகா, மனைவி வரப்போகிறாள் என்று பெரிய கட்டிலுக்கு அச்சாரம் கொடுத்துவிட்டார்.

இருபத்து மூன்றாம் நாள் காலையில் உகாலிக் களியும் கீரையும் தட்டில் இருக்கும்போது போன் அடித்தது. ஒம்பாசா.

மத்தியானம் வந்து சேர்ந்தாள். தொழிற்சாலைக்குப் பின்னால் நான்கு டன் அரைத்த இலை மலை மாதிரி கொட்டிக் கிடந்தது. கிட்டே போனாலே எண்ணெய் வாடை. நேரே மெஷினுக்குப் போய்க் கழற்றிப் போட்ட சீல்களை எடுத்துத் துடைத்தாள்.

"மாத்திப் போட்டிருக்க, கட்டானா. எண்ணெய்ப் பக்கம் தூசி சீல். தூசிப் பக்கம் எண்ணெய் சீல்."

"இல்லக்கா, நீங்க சொன்ன மாதிரிதான் போட்டேன். எண்ணெய்ப் பக்கம் அம்மா, தூசிப் பக்கம் அப்பா." நோட்டைக் காட்டினான்.

"அப்புறம் ஏன் தத்தா பெட்டியிலேர்ந்து எடுத்த?"

"வேற எதுலேர்ந்து எடுக்கறது? பாபான்னா அப்பா. அப்போ மத்தது அம்மாவாத்தானே இருக்கணும்?"

பக்கத்தில் நின்ற ஒம்பாசா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எங்கள் கிசீ பேச்சில் பாபா என்றால் அம்மா, தத்தா என்றால் அப்பா. கடற்கரையில், ஏன், நாடு முழுக்க சுவாஹிலியில் பாபா என்றால் அப்பா. பெட்டியில் எழுதியபோது எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

"அம்மாவை அப்பாவாக்கிட்டியேப்பா!" என்றவர் ஜன்னல் வழியாக அந்த இலைக் குவியலைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினார். "கெமுந்தோ, ஒரு பெட்டியில கூட ஏன் அளவு எழுதலை?"

பழி போட ஆள் எதிரிலேயே நின்றான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கெமுந்தோ கையிலிருந்த சீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எழுதச் சொன்னாங்க. ஒன்பது வருஷம் முன்னாடி, பழைய மேனேஜர். அந்த வருஷம் பதினாலு பேரை வீட்டுக்கு அனுப்பினாங்க இல்லையா... எழுதிட்டா அப்புறம் நான் எதுக்குன்னு தோணிச்சு. அதனால எழுதலை. என்னை அனுப்பலை."

"அது நல்லா வேலை செஞ்சிருக்கு போ" என்றார் ஒம்பாசா. குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைச் சுட்டிருக்க வேண்டும். "இவன் மேல தப்பில்லை. ஆனா மெஷின் நின்னுது, நான் ஒரு மாசம்னு சொன்னேன். எல்லாப் பெட்டியிலயும் அளவு எழுது. அப்புறம் ஒண்ணாம் தேதியிலேர்ந்து திரும்பவும் ஒரு மாசம்."

"சரி சார்."

வெளியே வந்து மொகாகாவுக்குப் போன் செய்தாள். "அந்தக் கட்டிலை இப்ப எடுக்காதீங்க."

"இப்பத்தான் வண்டியில ஏத்தி அனுப்பினாங்க" என்றார் அவர். "வாசல்ல நுழையாதுன்னு கதவைக் கழட்டிக்கிட்டு இருக்கேன்."

அவள் போனை வைத்துவிட்டு ஸ்டோருக்குள் போனாள்.

பிறகு அலமாரி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கட்டானா பெட்டி எடுத்துக் கொடுத்தான். வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்து மை பேனாவால் எழுதினாள்: உள்ளே, வெளியே, தடிமன், என்ன ரப்பர், எந்த மெஷின். நொண்டி முடிந்தது. மாப்பிள்ளை முடிந்தது. இருபதாவதோ என்னவோ, ஒரு பெட்டியில் அவள் கையெழுத்திலேயே 'சிரிக்கிறவ' என்று இருந்தது.

"இது யாரு, அக்கா?"

கெமுந்தோ சீலை எடுத்து நகத்தால் அதன் உதட்டைத் தடவினாள். வெளிச்சத்தில் பிடித்தாள். மோந்துகூடப் பார்த்தாள்.

"எந்த மெஷினுக்கு?" என்றான் கட்டானா மறுபடியும், பேனாவை நீட்டி.

"ஞாபகம் வரலை."

"உங்களுக்கேவா?"

"எனக்கேதான். சிரிக்காம அளந்து சொல்லு. உள்ளே எவ்வளவு?"

"முப்பத்தஞ்சு."

"வெளியே?"

"அம்பத்திரண்டு" என்றான். அவள் எழுதிக்கொண்டாள்.