வாளை வைத்துவிட்டு மந்திரம்

வாளும் வீசுவான், மந்திரமும் போடுவான் என்று நான் உருவாக்கிய வீரனைக் கவிதா அக்கா மறுபடியும் நிராகரித்தார். பகடை உருட்டிக் கதை சொல்லி நாங்கள் ஆடும் மேசை விளையாட்டுக்கு அவர்தான் நடுவர்.

"ரெண்டையும் ஒரே நேரத்துல செஞ்சா மத்தவங்க எதுக்கு, வேடிக்கை பார்க்கவா? ஓவர் லா தம்பி."

இன்றும் என் வீரன் இல்லாமல்தான் ஆட வேண்டுமா? எரிச்சலில் வாயைத் திறந்தபோது பின்தெருவில் உறுமி மேளப் பயிற்சி தொடங்கியது.

சிறுவயதில் மெர்போக் ரப்பர் தோட்டத்து முனியாண்டி கோயிலில் கேட்ட அதே அதிர்வு. ஈரச் செம்மண், சுருட்டுப் புகை. சாமி வந்த மாமா அரிவாளைச் சுழற்றிக்கொண்டே வாக்குச் சொன்னார். பயத்தில் எல்லாரும் விலகி ஓடினார்கள். வாக்கு ஒருவர் காதிலும் விழவில்லை. அத்தைக்குப் பொறுமை போய்விட்டது.

"சாமி! மொதல்ல அரிவாளக் குடுங்க, அப்புறம் வாக்குச் சொல்லுங்க. கேக்க வந்தவங்க பாசார் சந்தை வரைக்கும் ஓடிட்டாங்க!"

சாமி முறைத்தது, ஆனால் கொடுத்தது.

"அக்கா, மந்திரம் சொல்லணும்னா என் வீரன் வாளக் கீழ வைக்கணும். அடுத்த சுற்றுலதான் திரும்ப எடுக்கலாம். போதுமா?"

அக்கா யோசித்துவிட்டுப் பகடையை என் பக்கம் தள்ளினார்.

"சரி, உட்காரு. இன்னிக்கு மொதல்ல சாகப்போறது உன் வீரன்தான்."