அப்பா சொன்ன ‘முடியும்’

எங்கள் அப்பாவுக்கு வலது கை முழங்கைக்குக் கீழே போனது எழுபதுகளின் கடைசியில். பத்து காஜா என்கிற பக்கத்து டவுனுக்குச் சைக்கிளில் போனவரை மரக்கட்டை ஏற்றிவந்த லோரி ஒன்று இடித்துத் தள்ளிவிட்டது. அதுவரை ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிக்கொண்டிருந்தவர். அதன் பிறகு அதே தோட்டத்தில் அம்மா பார்த்த வேலையால்தான் தோட்டத்து வீடும் எங்களிடம் இருந்தது, அடுப்பும் எரிந்தது.

லோரி முதலாளிமேல் வழக்குப் போட வைத்தது நான்தான். அப்போது ஈப்போவில் ஒரு துணிக்கடையில் எனக்கு வேலை. அங்கேயே புந்தோங்கில் அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். வக்கீலைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தால் அப்பா சொல்கிறார், “கோர்ட்டு கேசெல்லாம் வேணாம்லா. நான் நல்லாத்தானே இருக்கேன்.” அம்மா வந்து சட்டைப் பட்டன் போட்டுவிடட்டும் என்று நெஞ்சைத் திறந்துபோட்டு நின்றுகொண்டேதான் இதையும் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வக்கீல் விளக்கமாகத்தான் சொன்னார். “எதையும் கூட்டிச் சொல்ல வேணாம் அண்ணே, குறைச்சும் சொல்லாதீங்க. என்ன முடியலையோ அதை அப்படியே சொல்லுங்க. மரம் சீவ முடியும்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா, இனிமே சம்பாதிக்க முடியாமப் போனதுக்கு நாம ஒண்ணும் கேக்க முடியாது.” அப்பா பெரிதாகத் தலையை ஆட்டினார்.

விசாரணை அன்றைக்குக் கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வெள்ளைச் சட்டை, தலைநிறைய எண்ணெய். காலியாகத் தொங்கிய சட்டைக் கையை அம்மா மடித்து ஊக்குக் குத்தியிருந்தாள். அடுத்த சாட்சி அம்மா என்பதால் அவளை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். நான் பின் வரிசையில் இருந்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்ட மனிதரில்லை. தன்மையாகத்தான் கேட்டார். பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

“இடது கையாலே சாப்பிட முடியுமா?”

“முடியுங்க ஐயா.”

“குளிக்க?”

“முடியுங்க ஐயா.”

“பழகினா இடது கையாலே மரம் சீவவும் முடியும், இல்லையா?”

அப்பா நிமிர்ந்து நின்றார். “முடியுங்க ஐயா!”

எழுந்து கத்தலாம் போலிருந்தது எனக்கு. பட்டன்கூடப் போட முடியாத மனுஷனுக்கு வாயாலே மட்டும் எல்லாம் எப்படி முடியுது பாருங்கள்! ஆனால் இருபத்தைந்து வருஷம் விடியற்காலையில் பெரட்டில் நின்றவர் அவர். ஆள் கணக்கெடுக்கிற அந்த வரிசையில், காய்ச்சலாக இருந்தாலும் வயிற்றுவலியாக இருந்தாலும், பேர் பதிகிற தோட்டத்துக் கிராணி “முடியுமா?” என்றால் ஒரே பதில்தான். முடியாது என்றால் முதலில் பதிவேட்டிலிருந்து பேர் போகும், பிறகு வீடு போகும். கோட்டுப் போட்ட ஒருவர் கேட்டதும் அப்பா மறுபடி பெரட்டுக்கே போய்விட்டார்.

எங்கள் வக்கீல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மாவைக் கூப்பிட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. எங்கள் வக்கீல் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நேராகக் கேட்டார், “உங்க வீட்டுக்காரராலே இப்ப மரம் சீவ முடியுமாம்மா?”

“அவரைக் கேட்டா முடியும்னுதான் சொல்லுவாரு” என்றாள் அம்மா. இரண்டொருவர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“முடியலைங்க ஐயா. மத்தியானத்துல லயத்து வீடுங்கள்ல எல்லாரும் அசந்து தூங்குற நேரம் பாத்து உளியை எடுத்துக்கிட்டுப் பின்னாடி போவாரு. அங்க பால் வத்துன கிழட்டு மரம் ஒண்ணு நிக்குது. இடது கையால சீவிப் பாப்பாரு. ஒரு வருசமா இதே வேலைதான். கோடு நேரா வராது. கண்டபடி வெட்டி வெச்சிருக்காரு. திரும்பி வந்து கக்கூசுக்குப் போனேன்னு சொல்லுவாரு. நானும் சரின்னு சொல்லிடுவேன்.”

அந்த மரத்தை நான் பார்த்திருக்கிறேன். யாரோ வேலையற்றவர்கள் கொத்திப் போட்டது என்று திட்டியும் இருக்கிறேன். அப்பாவை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவரோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்துத் தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது, இனிமேல் சம்பாதிக்க முடியாமல் போனதுக்கும் சேர்த்து. புந்தோங்கில் யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாத ஒரு சின்ன வீடு வாங்கினோம். அப்பா கடைசிவரை அங்கேதான் இருந்தார்.

ஆனால் தீர்ப்பைவிட எனக்கு நினைவிருப்பது அன்றைக்குத் திரும்பி வந்த பஸ். அம்மாவும் அப்பாவும் முன் இருக்கையில், நான் பின்னால். தோட்டத்து முச்சந்தி நெருங்கும்போது அப்பா அம்மா பக்கம் திரும்பினார்.

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“எப்பலேருந்து?”

“மொத நாள்லேருந்து.”

“சொல்லியிருக்கலாம்ல.”

அம்மா ஊக்கு கழன்றிருந்த சட்டைக் கையை மறுபடி மடித்தாள்.

“சொன்னா வெக்கப்பட்டு விட்டுடுவீங்க. ஒரு நாளைக்காவது கோடு நேரா வந்துடாதான்னு நானும்தான் தெனம் போயி மரத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன்.”